தரையில் வளர்ந்த பிள்ளைகள்

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு இடங்களில் வளர்ந்தார்கள். வீட்டில் சோறு தின்று, ஏச்சு வாங்கி, காய்ச்சலில் கிடந்து எழுந்து வளர்ந்தது ஒன்று. விளையாட்டுப் பள்ளிக்கூடத்தின் சிவப்புத் தரையில் சோறும் ஏச்சும் இல்லாமல் வெறும் சாக்பீஸ் கோடாகக் கிடந்து வளர்ந்தது இன்னொன்று. வெளியூர்க்காரர்களிடம் இதையெல்லாம் நாங்கள் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் வீடியோ எடுக்கக் கிளம்பி வருவார்கள். தடுப்பூசி போட வருகிற நர்சம்மாவிடம் மட்டும் சொல்லிவைத்திருந்தோம், ஏனென்றால் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்னால் தரையை ஒரு பார்வை பார்த்துவிட்டால் அவருக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

ஊர் கீழ்ப்பாறைக்குளம். மேற்கே மலை, மலையில் ஒரு கணவாய், கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளா. ஆடி பிறந்துவிட்டால் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குத் தென்னையெல்லாம் கிழக்கே சாய்ந்து நிற்கும், அந்தக் காற்றை நம்பித்தான் எங்கள் புன்செய்க் காடு முழுக்கக் காற்றாலைகளை நட்டுவைத்திருக்கிறார்கள். காற்றாலைகளுக்கு நடுவே, முன்பு பருத்திக் கிட்டங்கியாக இருந்து பிறகு யாருக்கும் வேண்டாமல் கிடந்த நீளமான கட்டடத்தில்தான், சென்னையில் நல்ல பேங்க் வேலையை உதறிவிட்டு வந்த தெய்வானை அக்கா பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். விளையாட்டுப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தது அவரல்ல, நாங்கள்தான், அதுவும் கேலிக்கு. அங்கே மணி கிடையாது, பரீட்சை கிடையாது. காலையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து இன்றைக்கு என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி முடிவெடுப்பார்கள். பல்லாங்குழியில் கணக்குப் போடுவார்கள், களிமண்ணில் எங்கள் ஊரைச் செய்து அதன் தெருக்களில் எங்களையும் தொந்தியோடு நிறுத்திவைப்பார்கள், ஒரு வாரம் முழுக்க ஒரே எறும்புப் புற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், வெயில் தாழ்ந்தால் கிளித்தட்டு. படிப்பு எப்போது வரும் என்று கேட்டால், வந்துகொண்டேதான் இருக்கிறது என்பார் அக்கா. அப்படியும் ஏன் அனுப்பினோம் என்றால், அரசுப் பள்ளிக்குப் போக மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும், காற்றாலை இறக்கை ஏற்றி வருகிற லாரிகளுக்கோ வளைவில் தங்கள் பின்பக்கம் எங்கே போகிறதென்று தங்களுக்கே தெரியாது.

சட்டம் கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் அக்கா இம்மியும் இறங்கிவர மாட்டார். படமோ பொம்மையோ மண் வீடோ, எதைச் செய்தாலும் செய்த பிள்ளை அதில் தன் பெயரை எழுத வேண்டும். செய்த பிள்ளையைத் தவிர வேறு யாரும் அதை அழிக்கக் கூடாது, பெரியவர்கள் முக்கியமாகக் கூடாது. இதோடு, ஒருத்தர் பையையோ பாயையோ இன்னொருத்தர் கேட்காமல் தொடவும் கூடாது. பெருக்க வருகிறவள் பாதிக் கூடத்தைப் பெருக்காமல் விட்டுவிட்டு வந்து, பிள்ளைகள் புழுதியில் என்னவோ வரைந்திருக்கிறார்கள் என்று சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

சாரல் பிடித்துக்கொண்ட ஒரு நாள், வெளியே போக வழியில்லாமல் பிள்ளைகள் கூடத்துக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, அக்கா ஒரு டப்பா சாக்பீஸை எடுத்துக் கொடுத்து, ஜோடி சேருங்கள், ஒருத்தர் படுங்கள், மற்றவர் உடம்பைச் சுற்றிக் கோடு போடுங்கள், பிறகு மாறிக்கொள்ளுங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கக் கையையும் காலையும் விரித்துப் போட்ட வெள்ளை உருவங்கள். பழக்க தோஷத்தில், வரைந்த பிள்ளைகளெல்லாம் தலைமாட்டில் தங்கள் பெயரையே எழுதிவைத்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே ஒவ்வொரு ஜோடியாக வந்து, இதில் மட்டும் படுத்தவர் பெயரை எழுதுங்கள், இல்லாவிட்டால் எது யாருடைய உருவம் என்று எப்படித் தெரியும் என்று மாற்றி எழுதச் சொன்னார். அவர் கடைசி மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் சாரல் விட்டு வெயில் அடித்தது, பிள்ளைகள் சாக்பீஸைப் போட்டது போட்டபடி வெளியே ஓடினார்கள், அக்காவும் அவர்கள் பின்னாலேயே ஓடினார்.

கோடுகள் போகவில்லை. ஈரத் துணி போட்டுத் துடைத்தாலும் ஆடு புழுக்கை போட்டாலும் அப்படியே இருந்தன. முப்பிடாதி என்கிற பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து வீட்டில் கிடந்தபோது, அவள் பெயர் எழுதிய உருவத்துக்கும் ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்ததைப் பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். அவளுக்கு வடிந்தபோது அதற்கும் வடிந்தது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் குனிந்து பார்த்தோம். வரைந்த நாளில் இருந்ததைவிட எல்லா உருவங்களும் ஒரு விரல்கடை நீண்டிருந்தன, பிள்ளைகள் நீண்ட அளவுக்குச் சரியாக.

பயந்தோமா என்றால், இரண்டு நாள் பயந்தோம். பிறகு டெய்லர் பூலுடையார் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் தீபாவளிச் சட்டைக்குத் தரையிலேயே அளவெடுக்கத் தொடங்கினார், தரையில் கிடக்கிற பிள்ளை நெளியாது பாருங்கள். சாயங்காலம் பாத்திரம் கழுவிப் போட்டுவிட்டு அம்மாக்கள் ஒரு நடை போய்த் தங்கள் பிள்ளையையும், அதைவிட உன்னிப்பாக அடுத்தவள் பிள்ளையையும் பார்த்துவிட்டு வந்தார்கள். எவன் வீட்டில் கஞ்சி தண்ணியாகப் போகிறது என்று ஊருக்கே தெரிந்தது. பிள்ளைகளோ ஒருத்தர் உருவத்தின் உள்ளங்காலில் மற்றவர் விரலால் கோலம் போட, கிணற்றடியில் நிற்கிறவன் துள்ளிக் குதித்துச் சிரிப்பான். யாரையாவது மிதித்துவிட்டால் அவருக்கு இருமல் வரும் என்பதால் உருவங்களுக்கு இடைப்பட்ட வெறுந்தரையிலேயே கால் வைத்து ஓடப் பழகிவிட்டார்கள், மழை நாளில் கூடத்துக்குள் ஆடுவதற்கென்று புதிதாக ஒரு கிளித்தட்டே உண்டாகிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே தூக்க நேரம் உண்டு. அவரவர் உருவத்துக்குள் அவரவர் போய்ப் படுத்துக்கொள்வார்கள். கூடம் அடங்கியதும் காற்றாலை இறக்கையின் நிழல் ஜன்னல் வழியாக உள்ளே வந்து தரையைத் தடவிக்கொண்டு போகும், போன நிழல் திரும்ப வரும், நிழல் கடக்கும்போது கோடுகள் கொஞ்சம் உள்வாங்கி மறுபடி விரியும், தூங்குகிற பிள்ளைகளின் மூச்சோடு. அன்றைக்கு வராத பிள்ளையின் காலி உருவமும் அப்படியே மூச்சு விடும். தனியாக நின்று அதைப் பார்க்கிறவருக்குக் கழுத்தில் மயிர் கூச்செறியும், ஆனால் பழகிவிட்டால் அதுவும் ஒன்றுமில்லை.

எசக்கிராஜா வீட்டார் திருப்பூருக்குக் குடிபோனபோதுதான் அழிக்கிற வழக்கம் வந்தது. அங்கே போனதிலிருந்து பையனுக்கு அடிக்கடி நெஞ்சில் பாரம் வைத்து அழுத்தியது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இங்கே அவன் உருவத்தின் மேல் சினை ஆடு ஒன்று சொகுசாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தான். அவனை வரைந்த பையன் ஈரத் துணியால் காலிலிருந்து தலைவரை துடைத்தான், அத்தனை நாள் எதற்கும் மசியாத கோடு சத்தமில்லாமல் போய்விட்டது, எசக்கிராஜா வாசலில் ஒரு நிமிடம் எதையோ மறந்தவன் மாதிரி நின்றுவிட்டு, பாயசம் குடித்து, பஸ் ஏறினான். அதிலிருந்து பள்ளிக்கூடத்தைவிட்டுப் போகிற ஒவ்வொருவரையும் வரைந்தவர் துடைக்க, போகிறவர் நின்று பார்த்து, வட்டத்தில் பாயசம் குடித்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. வேறு ஆளை வைத்துத் துடைத்துப் பார்த்தோம், போகவில்லை.

இனி செண்பகத்தைச் சொல்ல வேண்டும். பீடி சுற்றுகிற ஆவுடையம்மாளுக்கும் கருத்தப்பாண்டிக்கும் அவள் ஒரே பிள்ளை. கணவாய்க்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கை வீட்டுக்கு ஓணத்துக்குப் போகலாமென்று கருத்தப்பாண்டி மகளைப் பைக்கில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினான்; ஆவுடைக்கு அன்றைக்குப் பீடி ஒப்படைக்கிற நாள், அதனால் போகவில்லை. மலையில் மழை கொட்டி, சும்மா கிடந்த ஓடை திடீரென்று பாலத்துக்கு மேலே ஏறிவிட்டது. கருத்தப்பாண்டியைப் பாலத்துக்குக் கீழே வெகு தூரத்தில் எடுத்தார்கள். ஒன்பது வயதுச் செண்பகத்தை எங்கே தேடியும் எடுக்க முடியவில்லை.

அப்பனுக்குச் செய்கிற கருமாதியோடு பிள்ளைக்கும் சேர்த்துச் செய்துவிடலாம் என்று கருத்தப்பாண்டியின் அண்ணன் பரமசிவம் சொன்னபோது ஆவுடை எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பின்வாசல் பக்கத்துக் கடைசி மூலையில் ‘செண்பகம்’ என்று எழுதிய உருவம் கைகளை விரித்துக் கிடந்தது. அவள் உச்சியிலிருந்து கால்வரை சாண் போட்டு அளந்தாள். பிறகும் மாதா மாதம் போய் அளந்தாள். மறுபடியும் அளந்த அன்று தலைமுடி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் தெருவோடு ஓடிவந்தாள்.

“எம் பிள்ள வளருதா,” என்றாள். “எங்கயோ இருக்கா. வளருதா.”

நாங்களும் போய்ப் பார்த்தோம், வளர்ந்துதான் இருந்தது. போட்டோவை எடுத்துக்கொண்டு கணவாய் தாண்டிப் போய் ஆஸ்பத்திரி, அநாதை இல்லம், கோயில் வாசல், தேயிலைத் தோட்டம் என்று தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் யாரோ அவளுக்குச் சோறு போடுகிறார்கள், நன்றாகவே போடுகிறார்கள் என்று தரை சொல்லிக்கொண்டிருந்தது, எங்கள் ஊரில் தரை சொல்வதை யாரும் மறுப்பதில்லை. கருமாதிப் பேச்சு நின்றுபோயிற்று.

அன்றிலிருந்து மத்தியானத் தூக்க நேரமென்றால் ஆவுடை அங்கே இருப்பாள். சுளகில் இருக்கிற பீடி இலையை அப்படியே மூடி வைத்துவிட்டு, தேங்காயெண்ணெயும் சீப்புமாக வந்து, மகளின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிவப்புத் தரையில் சீப்பை வைத்து உச்சியிலிருந்து கீழே வாருவாள், சிக்கு எடுப்பாள், அன்றைய ஊர்க் கதையெல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே பின்னுவாள். சீப்பு சிமெண்டில் உரசுகிற சத்தம் தவிர கூடத்தில் ஒரு சத்தமும் இருக்காது. தூங்குகிற பிள்ளைகளுக்கு அது தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது, அவள் வராத நாளில் சின்னதுகள் தூங்காமல் சிணுங்கும். அந்த உருவத்தை யாரும் மிதிக்காதபடி சுற்றிலும் அரளிப்பூ வைத்துவிட்டுத்தான் போவாள். சூடம் கொளுத்த வந்த சிலரை அக்கா வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

அந்த உருவத்துக்குப் பக்கத்தில் படுப்பவள் ரூத். செண்பகத்தின் ஜோடி, ஒருத்தி இருக்கிற இடத்தில் மற்றவளும் இருப்பாள் என்று இருந்தவர்கள். ரூத்தின் அப்பா தாவீது காற்றாலைக்கு வாட்ச்மேன், அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் வருடக் கணக்காக வரவில்லை. தோழி போன பிறகு ரூத் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மற்றவர்கள் வெறுந்தரையில் தங்கள் கோட்டுக்குள் படுத்தால் அவள் மட்டும் தன்னுடையதன் மேல் கோரைப்பாயை விரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்தப் பாய் எடுபடுவதே இல்லை. அடிப்பக்கம் எப்போதும் ஈரம் ஏறிக் கிடக்கும் என்பதால் இரண்டு பாய் வைத்திருந்தாள். ஒன்றை உருவும்போதே மற்றதை விரித்துவிட்டு, உருவியதைக் கொண்டுபோய் வேலியில் காயப்போடுவாள். மூலைச் சுவர் ஒழுகுகிறது போல என்று சொல்லி தாவீது கூரையில் ஏறிப் பார்த்தான், ஒழுகவில்லை. தூங்கி எழுந்தால் எல்லாப் பிள்ளைகளின் தலையும் குருவிக்கூடாக இருக்க, ரூத்தின் தலை மட்டும் வழித்து வாரி அழகாக இருக்கும். சுத்தமான பிள்ளை என்று நாங்கள் எங்கள் பிள்ளைகளின் தலையில் குட்டி அவளைக் காட்டினோம். உங்கள் வீட்டில் பீடி சுற்றுகிறார்களா, உன் தலையில் புகையிலை வாசம் வருகிறதே என்று ஒருமுறை அக்கா கேட்டதற்கு, இல்லை என்று தலையசைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

வருடங்கள் போயின. தரைச் செண்பகம் நெடுநெடுவென்று வளர்ந்தாள். ஒரு காலையில் அவள் கைகளை விரித்துக் கிடக்காமல் முழங்காலை மடக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள். என்ன என்று நாங்கள் விழித்தபோது ஆவுடை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அந்தச் சிரிப்பை அதற்கு முன்பும் பின்பும் நாங்கள் பார்த்ததில்லை. சடங்கு வைத்தாள். தரையில் பாவாடை தாவணி விரித்து, புட்டும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் வைத்துக் குலவை போட்டார்கள், ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது, பரமசிவம் தாய்மாமன் இல்லாத குறைக்கு வளையல் வாங்கிவந்து மணிக்கட்டில் வைத்தார். அந்த வாரம் ரூத் வயிற்று வலி என்று பள்ளிக்கூடம் வரவில்லை. அவளுக்கு யாரும் எதுவும் வைக்கவில்லை, தாவீதுக்கு அதெல்லாம் தெரியாது.

ரூத் தனித் தேர்வு எழுதி, நல்ல மார்க் வாங்கி, திருச்சிக்கு நர்சிங் படிக்கப் போவதாக முடிவானது. அவள் போவதற்கு முந்தின நாள் பரமசிவம் வட்டத்துக்கு வந்தார். அந்த வட்டத்தில் பெரியவர்கள் பேச வேண்டுமானால் பிள்ளைகள் மாதிரியே சம்மணம் போட்டு உட்கார்ந்து கை தூக்க வேண்டும், அவர் தூக்கினார். கெட்ட மனுஷர் இல்லை, அத்தனை வருடமும் ஆவுடை வீட்டுக்கு அரிசியும் ஓலையும் அவர்தான் போட்டார். அவர் சொன்னதன் சுருக்கம் இது. செண்பகத்தின் உருவத்தை வரைந்தவள் ரூத், அழிக்க அவளால்தான் முடியும், அவள் போய்த் திரும்பாமலே இருந்துவிட்டால் இனி எந்தக் காலத்திலும் யாராலும் முடியாது. ஆவுடை இந்தத் தரையில் உட்கார்ந்தே நரைத்துவிட்டாள், தனக்கென்று ஒரு நல்ல சேலை உடுத்தவில்லை, ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை. இருக்கிற பிள்ளையென்றால் இதற்குள் வந்திருக்கும். துடைத்துவிட்டால் காரியத்தைச் செய்துவிட்டு அவள் மீதி நாளையாவது வாழ்வாள்.

துடைத்தால் அந்த அக்காவுக்கு வலிக்குமா என்று முப்பிடாதியின் தங்கை கேட்டாள். இருக்கிற இடம் தெரியாத ஒருத்தியைத் துடைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆவுடை மகளின் தலைமாட்டில் இருந்தபடியே, கை தூக்காமல், ரூத்தைப் பார்த்துப் பேசினாள்.

“ஏட்டி ரூத்து, நீயும் அவளும் ஒரு தட்டுல தின்னவங்க. ஒனக்கு என்ன வேணும்னு கேளு, தாரேன். அவள மட்டும் அழிச்சிராத.”

ரூத் வட்டத்திலிருந்து எழுந்தாள்.

“அத அழிக்க என்னால முடியாது அத்த,” என்றாள். “அத வரைஞ்சது நான் இல்ல.”

நடந்து போய்த் தன் பாயின் விளிம்பைப் பிடித்தாள். மாற்றுப் பாய் விரிக்காமல் அதை எடுத்துச் சுவரில் சாய்த்தாள்.

அங்கே ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று கையையும் காலையும் விரித்துக் கிடந்தது. தலைமாட்டில் கோணல் எழுத்தில் ‘ரூத்’ என்று எழுதியிருந்தது. எங்கள் கூடத்துக் கோடுகளெல்லாம் வெளுத்துக் காய்ந்து கிடக்க, இது மட்டும் அப்போதுதான் தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்டது போல் ஈரமாக இருந்தது, கோட்டின் உள்விளிம்பில் மலை ஓடையில் கிடக்கிற மினுமினுப்பான மணல் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது. காற்றாலை நிழல் வந்தது. எல்லா உருவங்களும் உள்வாங்கி விரிந்தன, இது அசையவில்லை. நிழல் திரும்பவும் வந்தது, அப்போதும் அசையவில்லை. எங்களில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்றைக்கு அக்கா கடைசி மூலைவரை வரவே இல்லை என்பதையும், தாங்கள் இருவரும் வரைந்ததில் எப்போதும்போல் தங்கள் பெயரையே எழுதிவிட்டு ஓடியதையும், மாற்றி எழுத மறந்தே போனதையும் ரூத் மெல்லிய குரலில் சொன்னாள். நெடுக வளர்ந்தது செண்பகம் வரைந்த ரூத். வளராமல் கிடந்தது ரூத் வரைந்த செண்பகம்.

“மொத நாளே தெரியும் அத்த,” என்றாள் ரூத். “நீங்க தரையில சீப்ப வச்சீங்க, எந் தலையில பட்டுச்சு. எங்கம்மா போன பெறவு யாரும் எனக்குத் தலை சீவுனதில்ல. நாளைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னே இருந்துட்டேன்.”

பரமசிவம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். ஆவுடை எழுந்தாள். பெரிய உருவத்தைச் சுற்றிக்கொண்டு போய், சின்னதின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். கையை எடுத்துப் பார்த்தாள். தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.

“நனைஞ்சு கெடந்திருக்காளேட்டி,” என்றாள். “இத்தன வருசமும் நனைஞ்சு கெடந்திருக்காளே.”

முந்தானையை அவிழ்த்து, குளிப்பாட்டிய பிள்ளைக்குத் துவட்டுவது போல, காதுமடல், கழுத்து, அக்குள், விரல் இடுக்கு என்று துவட்ட ஆரம்பித்தாள். துவட்டத் துவட்ட ஈரம் ஊறியது. முந்தானையைப் பிழிந்து பிழிந்து துவட்டினாள், பிழிந்த தண்ணீர் கூடத்துக்குள் ஓடி எங்கள் கால்களை நனைத்தது, மலைத் தண்ணீருக்குள்ள குளிர்ச்சி அதில் இருந்தது, நாங்கள் யாரும் காலை நகர்த்தவில்லை. வெயில் தாழ்ந்து ஜன்னல் நிழல் சுவரில் ஏறியபோது ஒருவழியாகக் கோடு வெளுத்துக் காய்ந்தது. யாரோ வழக்கப்படி ஈரத் துணியை நீட்டினார்கள். ஆவுடை அதைத் தள்ளிவிட்டு, தன் முந்தானையில் காய்ந்திருந்த ஒரு முனையைத் தேடி எடுத்து ரூத்தின் கையில் கொடுத்தாள்.

“ஈரம் வேண்டாம். இதுல தொடைச்சிரு.”

ரூத் காலிலிருந்து தொடங்கினாள். ஒருத்தி உடுத்திய சேலையின் முனை இன்னொருத்தி கையில் இருந்ததால் இரண்டு பேரும் சேர்ந்தே தரையில் நகர்ந்தார்கள். தலையும் போன பிறகு அந்தப் பெயர் மட்டும் மிஞ்சியது. ரூத் தன் பெயரைத் தானே துடைத்தாள். ஆவுடை எழுந்து, பெரிய உருவத்தைத் திரும்பியும் பார்க்காமல், ரூத்தையும் பார்க்காமல், பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு யாரும் பாயசம் குடிக்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் பரமசிவம் வீட்டு வாசலில் செண்பகத்துக்குக் காரியம் நடந்தது. ரூத்தைப் பஸ் ஏற்ற தாவீதோடு நாங்கள் கொஞ்சம் பேர் மட்டும் போனோம். தரையில் அவளுடைய உருவம் இருக்கத்தான் செய்தது, அதை வரைந்த செண்பகம் போய்விட்டதால் இனி அதை அழிக்க உலகத்தில் ஆளே இல்லை. மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று நாங்கள் சொன்னதற்கு ரூத் தலையை ஆட்டினாள், ஆனால் கண் எங்கள் தலைக்கு மேலே தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆவுடை வரவில்லை.

அதற்கு மேல் நடந்தது ரூத் பிறகு போனில் சொன்னது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் மத்தியானமாகிவிட்டது. தூக்க நேரம் வந்தது, அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். வழக்கமான நேரம் வந்து, கடந்தும் போயிற்று. பஸ்ஸில் எல்லோரும் தூங்கினார்கள். இதற்கு மேல் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று அவள் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள், சத்தம் வராமல், ஒன்பது வயதில் அழ வேண்டியதையும் சேர்த்து அழுதாள். கல்லுப்பட்டி தாண்டியபோது புகையிலை வாசம் வந்தது. நெற்றியில் ஒரு கை பட்டது, பட்டு, எடுத்து, கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லாமல், மறுபடி பட்டது. வகிடு எடுத்தது. சீப்பு உச்சியிலிருந்து இறங்கியது, பயணத்தில் காற்று கலைத்த சிக்கில் மாட்டியது, நின்று, பொறுமையாக எடுத்தது.

பக்கத்து சீட்டில் பலாப்பழக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்த அம்மாள், அந்தப் பெண்ணின் முடி தானாக மூன்றாகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பின்னலாவதைப் பார்த்தாள். பின்னுகிறவளுக்கு முழங்கை இடிக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, கூடையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.